தப்பாகவே பதில் சொன்ன மாணவர்

குட்டிமா,

சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடு. போகும்போது சாவியைத் தையல்கார அக்காவிடம் கொடு. இன்று ஏழாம் வகுப்புக்கு நான் பின்னக் கணக்கு நடத்திக் காட்ட வேண்டும். தேறினால்தான் டீச்சர் வேலை. முடிந்ததும் மருந்துக்கடை வேலைக்கு ஓட வேண்டும், வர இருட்டிவிடும்.

“அப்பா நாற்காலியில நான் உட்கார மாட்டேன், போம்மா!” என்று நேற்று, பாடம் நடத்திப் பழக உன்னைக் கூப்பிட்டபோது கத்தினாயே, இனிமேல் உட்காரச் சொல்ல மாட்டேன். அவர் இருந்தவரை என் பாடத்துக்கெல்லாம் அவர்தான் மாணவர். வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லிவிட்டு, “எங்கே, திட்டாம திருத்துங்க டீச்சர்” என்பார்.

மழை வரும்போல இருக்கிறது. அப்பா குடையையே எடுத்துக்கொள்.

இன்னொன்று. காலையில் அந்தக் காலி நாற்காலிக்கே பாடம் நடத்தினேன். எங்கும் தடுமாறவில்லை. திருத்துவதற்கு ஒரு தப்புகூட இல்லை.

அம்மா