அப்பா தெளித்த மெக்னீசியம்

சனி, இரவு.

ஆராய்ச்சிப் படிப்பை விடப்போகிறேன் என்று சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். அப்பா தேயிலைக்கு மருந்தடித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“அங்க என்னதாம்மா படிக்கிற?”

“கிருமியோட செல்லுக்குள்ள மெக்னீசியத்த இழுத்துட்டுப் போற என்சைம்ப்பா.”

“மெக்னீசியமா? இலை மஞ்சளாவுதுன்னு இன்னிக்கு அதத்தான்லா அடிச்சேன்! நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலதான்.”

செடியில் அந்த வேலையைச் செய்வது வேறொன்று என்று திருத்த மனம் வரவில்லை.

“எத்தன தடவ சோதனை செஞ்சும் சரியா வரலப்பா. விட்டுடலாம்னு இருக்கேன்.”

அப்பா முகம் வாடவில்லை. “முடியலன்னா வந்துடும்மா. நான் இருக்கேன்ல. மொதல்ல சாப்பிடு,” என்று மீன் குழம்பை ஊற்றினார்.

திட்டியிருந்தால் விட்டிருப்பேன். ஆய்வகத்துக்குத் திரும்ப, காலை பஸ்ஸுக்குத் துணிகளை எடுத்து வைத்துவிட்டேன்.