லேயிலிருந்து போர்ட் பிளேர்: நேராகப் பறந்தால் நாலு மணி நேரம்

என் தங்கமான அக்காவுக்கு,

வருகிற ஐப்பசியோடு நீ போய் ஒரு வருஷம். தாம்பரத்தில் உன் வீடு அப்படியேதான் இருக்கிறது. விமானப்படை விமானம் கூரைக்கு மேலே போனால் கண்ணாடி அலமாரி இப்போதும் நடுங்குகிறது. சத்தத்தைக் கேட்டே என்ன விமானம், யார் ஓட்டுகிறான் என்று நான் சொல்வேனே, அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

மீனம்பாக்கம் கேன்டீனில் நான் டீ ஆற்றிய காலத்தில் பைலட்டுகளே என்னிடம் வழி கேட்டுப் போனார்கள். அதனால்தானே நீயும் என்னிடமே கேட்பாய்: "பெரியவன் அந்தமான்ல, சின்னவன் லடாக்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்ளோ தூரம்டா?"

பூ கட்டும் நூலை எடுத்து, சுவரில் தொங்கிய இந்தியா படத்தில் ஒரு முனையை லேயிலும் மறுமுனையை போர்ட் பிளேரிலும் வைத்து இழுப்பேன். "நேராப் பறந்தா நாலு மணி நேரம்க்கா. காலைல இட்லி சாப்ட்டுக் கிளம்புனா, மதியச் சோத்துக்கு அண்ணன் வூட்ல."

நீ சிரிப்பாய். அப்படி ஒரு விமானம் கிடையாது என்று உனக்கும் தெரியும். அவன் டில்லி வழியாக, இவன் கடல் தாண்டி, இரண்டு பேரும் மெட்ராஸில் இறங்கினால்தான் உண்டு. அவர்கள் சந்திக்க உன் வீட்டை விட்டால் வேறு இடமே இல்லை.

நீ கண்ணை மூடியதும் இரண்டு தந்தியும் நான்தான் கொடுத்தேன். பெரியவன் மறுநாளே வந்துவிட்டான். சின்னவனைக் காணோம். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசிப் பிள்ளை. லேயில் காலையில் மட்டும்தான் விமானம் ஏறும், மலையில் மேகம் இறங்கினால் அதுவும் கிடையாது என்று வாசலில் நின்று கத்தினேன்.

"மாமா, நூல் புடிச்சு அளந்தது போதும். ஐஸ் எவ்ளோ நேரம் தாங்கும்?" என்றான் பெரியவன்.

"நாளைக்குக் காலைல வந்துடுவான்டா."

"வந்தான். போன பொங்கலுக்கும் மேகம்னுதான் சொன்னான்."

பந்தலில் நாலு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில், அக்கா. நான் பாடைக்குக் குறுக்கே படுத்துவிட்டேன். என்னை நகர்த்த ஆறு பேர், இல்லை, எட்டுப் பேர் வேண்டியிருந்தது. பெரியவனே கொள்ளி வைத்தான்.

மறுநாள் காலை சின்னவன் வந்தான். பனியில் தோலுரிந்த மூக்கு. கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெயிலில் நின்று, "அம்மா எங்க மாமா?" என்றான். நான் எதை வைத்து அளந்து சொல்வேன்?

கருமாதி முடியும்வரை இருவரும் ஒரே கூடத்தில்தான் இருந்தார்கள். ஒருவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவன் உட்கார்ந்தான். "அவன்கிட்ட சொல்லிடுங்க மாமா", "அவரையே கேட்டுக்கச் சொல்லுங்க மாமா." கூடத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நான்தான் விமானம்.

இப்போது வீட்டை விற்றுவிடலாம் என்கிறான் பெரியவன். இதுவும் போய்விட்டால் இரண்டு பேரும் எங்கே இறங்குவார்கள், அக்கா?

தெவசத்துக்கு இருவரையும் கூப்பிட்டிருக்கிறேன். ஐப்பசி மேகம் அந்த மலையில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் சரி, சின்னவன் மீனம்பாக்கத்தில் இறங்காமல் காக்காய்க்குச் சோறு வைக்க விடமாட்டேன். இந்த முறை எட்டுப் பேர் வந்தாலும் நகரமாட்டேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவன்,
உன் பிள்ளைகளுக்கு ஒரே தாய்மாமன்.