ஐவி மகனுக்கு முதல் தண்ணீர்

1927 ஜனவரி 18

இன்று கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். எட்டுப் பக்கமும் சிங்கங்களும் தேவதூதர்களும். தூதர்களின் முகங்களை எந்தக் காலத்திலோ உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளங்களில்தான் தூசி அடைகிறது, விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ரூபன்தான் இங்கே கோயில்பிள்ளை. மணி அடிப்பதும் குழி வெட்டுவதும் அவர் வேலை. தேய்ப்பது என் வேலை.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு என் மகள் லெட்டிக்கும் ஐவியின் மகனுக்கும் சேர்த்தே ஞானஸ்நானம். ஐவி என் கொழுந்தன் ஜேபெஸின் மனைவி. இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்த பிள்ளைகள்தான். ஆனால் அங்கே பையன் அல்லவா, ஊரே அவள் வீட்டில் போய் நிற்கிறது. எனக்கு வந்தது ஒரு ஜாடி ஜாம். அவளுக்கு வந்த கேக்குகளை வைக்க இடமில்லையாம்!

ஜனவரி 23

ஆராதனை முடிந்து வாசலில் ஐவி பிடித்துக்கொண்டாள். “அக்கா, பையனுக்குத்தான் முதல்ல தண்ணி ஊத்தணும். பொண்ணுக்கு முதல்ல ஊத்தினா இவன் தாடி அவளுக்கு முளைச்சிடும்னு சொல்வாங்கல்ல? லெட்டி நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

லெட்டி நல்லதுக்காம். தொட்டியைத் தேய்ப்பவள் நான், புதுத் தண்ணீர் அவள் பிள்ளைக்கு. அவன் மண்டையில் பட்டு விழுந்தது என் மகளுக்கு. வயிறு எரிகிறது. பொய் சொல்வானேன்.

ஜனவரி 25

பாதிரியாரிடமே கேட்டுவிட்டேன். பென்ஃபோல்ட் ஐயா லண்டன்காரர், எங்கள் கிராமத்து ஆளில்லை, தாடிக் கதையை நம்பமாட்டார் என்ற தைரியம். “ஊர் வழக்கத்த நான் எதுக்கும்மா மாத்தணும்? கடவுளுக்கு முதல்ல, அப்புறம்னெல்லாம் கிடையாது” என்கிறார். கடவுளுக்கு இல்லை, சரி. எனக்கு இருக்கிறதே!

ரூபனிடம் சொன்னால், “ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதானடி. கிணத்துலேர்ந்து தூக்கிட்டு வரப்போறவன் நானு.” இவரிடம் போய்ச் சொன்னேனே.

ஜனவரி 31

அவள் பையனுக்கு ஹெர்பர்ட் என்று பெயராம், மாவு மில் வைத்திருக்கும் அவள் அப்பா பெயர். பிள்ளைக்கும் அதே தாடை. பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 8



மத்தியானம் ஐவி வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன்? அவள் பிள்ளையின் ஞானஸ்நான உடையில் லெட்டியுடையதைவிட லேஸ் அதிகமா என்று பார்க்கத்தான். போனால் பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறான். உதடெல்லாம் நீலம். ஜேபெஸ் டாக்டரைக் கூப்பிட சைக்கிளில் பறந்திருந்தான். பாதிரியார் பக்கத்து ஊரில். ஐவி தரையில் உட்கார்ந்து, “நீ ஊத்துக்கா... நீயாவது ஊத்து...” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் ஊற்றினாலும் செல்லும். ஊற்றாமல் போனால் — கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவர் ஓரம்தான் புதைப்பார்கள். மணி கிடையாது, ஜெபம் கிடையாது. என் முதல் பிள்ளை மூச்சே விடாமல் பிறந்தான். அங்கேதான் கிடக்கிறான். குழி வெட்டியது அவன் அப்பாதான்.

மேசையில் புட்டிங் கிண்ணம் இருந்தது. தண்ணீர் மொண்டு மூன்று முறை ஊற்றினேன். பெயர் சொல்ல வேண்டுமே. ஹெர்பர்ட் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது சைலஸ்.

என் பிள்ளைக்கென்று நான் வைத்திருந்த பெயர். ரூபனிடம்கூடச் சொன்னதில்லை.

டாக்டர் வந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 10

பாதிரியார் சொல்லிவிட்டார். நான் ஊற்றியது செல்லும். ஞானஸ்நானம் ஒருமுறைதான், பெயரும் அதுவேதான். ஞாயிறன்று சபை முன்னால் அவனை ஏற்றுக்கொள்வாராம், தண்ணீர் ஊற்றமாட்டாராம். அப்படியென்றால் தொட்டித் தண்ணீர் முழுக்க லெட்டிக்கு மட்டும்!

வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 15

ஐவி என்னோடு பேசுவதில்லை. பிள்ளையைக் “குட்டி” என்றுதான் கூப்பிடுகிறாளாம்.

பிப்ரவரி 21

அவளே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“பெத்தது நான். தண்ணி ஊத்தினது நீ. பேரு வெச்சது நீ. எனக்குன்னு என்னக்கா மிச்சம் வெச்ச?”

“பையன் உசுரோட இருக்கான்ல?”

“அது டாக்டர் செஞ்சது. அந்தத் தொட்டிகிட்ட நின்னு என் பிள்ள தலையில தண்ணி படுறத பாக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா? இப்ப உம் பொண்ணுக்குப் படுறத பாத்துட்டு நிக்கணும்.”

பொறாமை. என்மேல்! பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. ஒரு நிமிஷம் சுகமாகத்தான் இருந்தது.

அப்புறம், “யாருக்கா சைலஸ்?” என்றாள். சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், இவள் முன்னால் போய். அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“லெட்டிக்கு நீ ஞானத்தாயா இரு. பாதிரியார் கையில நீயே தூக்கிக் குடு” என்றேன். சொன்ன மறுநிமிஷமே ஏன் சொன்னோம் என்றிருந்தது.

பிப்ரவரி 27

ரூபன் கொண்டுவந்த தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் விளாவினேன்.

முதலில் ஐவியின் மகன். யார் ஞானஸ்நானம் கொடுத்தது என்று பாதிரியார் சபை முன்னால் கேட்டார். “என் ஓரகத்தி ஹெஸ்தர்.” பெயர்? ஐவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி “சைலஸ்” என்றாள். ரூபன் மணிக்கயிற்றைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து லெட்டி. ஐவிதான் தூக்கிக் கொடுத்தாள். பாதிரியார் தண்ணீர் ஊற்றித் திருப்பிக் கொடுத்தார். பிள்ளை அழவில்லை. தொட்டியில் அழாத பிள்ளையை விட்டுப் பிசாசு போகவில்லை என்பார்கள் இங்கே. சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டென்று ஐவி கையில் லெட்டி வீலென்று அலறினாள் பாருங்கள், கோயிலே சிரித்தது.

சாயங்காலம் உடை மாற்றும்போது பார்த்தேன். லெட்டி தொடையில் சிவப்பாகக் கிள்ளிய தடம். ஐவி பிசாசை விரட்டக் கிள்ளினாளா, வயிற்றெரிச்சலில் கிள்ளினாளா? கேட்கப் போவதில்லை. நானாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே கிள்ளியிருப்பேன்.