இடைவேளைக்கு அப்புறம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
2-12-1968

கண்ணு குழலிக்கு உன் ஆயா எழுதுவது. முட்டிவலி அப்படியே இருக்குது, மற்றபடி குறையில்லை.

அமாவாசைக்குத் தறி ஓடாதே, பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாளோடு மேட்னி போனேன். நெசவாளி வேஷம் போட்டவன் தறிக்குழியில் காலை விடாமல் சம்மணம் போட்டு நெய்கிறான். பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. கதாநாயகி மூன்று ரீல் அழுகிறாள், கண்மை கலையவில்லை. சண்டை மட்டும் பரவாயில்லை.

உனக்கென்னம்மா, அடுத்த தெருவிலேயே தியேட்டர். என்னென்ன பார்த்தாய், எழுது. தரகர் அதைச் சொன்னதும்தானே நான் இந்த இடத்துக்குத் தலையாட்டினேன். தாய் தகப்பன் இல்லாத பெண், படமாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

தலை தீபாவளிக்கு உன்னை அனுப்பவில்லை உன் மாமியார். முகூர்த்தப் புடவை ஜரிகையைச் சபையில் நகத்தால் சுரண்டிப் பார்த்தவள்தானே காந்தா. எனக்கு மறக்காது.

ஆயா நீலாம்பாள்

•

ஆரணி
9-12-1968

என் ஆயாவுக்குக் குழலியின் நமஸ்காரம்.

இங்கே எல்லாரும் சுகம். அத்தை என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் வாரம் தவறாமல் படத்துக்குக் கூட்டிப்போகிறார்.

போன வாரம் டாக்டர் படம். சின்ன வயதில் பிரிந்த அம்மா என்று தெரியாமல் அவளுக்கே ஆபரேஷன் செய்யப் போகிறார். கத்தியை எடுக்கிறார், கை நடுங்குகிறது. ரொம்ப உருக்கம். அதற்கு முந்தின வாரம் அண்ணி படம். நகையைத் திருடினாள் என்று மாமியார் அண்ணியை விரட்டிவிடுகிறாள். கொட்டும் மழையில் அவள் ஆற்றங்கரையில் நிற்கிறாள். பாட்டெல்லாம் அருமை.

உன் கடிதத்தை அத்தை வாங்கிப் படித்தார்கள். இதையும் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார்கள். தறிக்கு நூல் தார் சுற்ற வேண்டும், நிறுத்துகிறேன்.

குழலி

•

பிள்ளையார்பாளையம்
21-12-1968

கண்ணு குழலிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். அதனால் ஒரு எழுத்தும் தப்பாது.

நேற்று முன்தினம் அமாவாசை. அந்த அண்ணி படம் இங்கே வந்திருக்குது, போனேன். ஆற்றங்கரையில் மழை கொட்டும்போது கரண்ட் போய்விட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் கதி என்ன ஆகிறது? நீதான் முழுசும் பார்த்தாயே. அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சீக்கிரம் எழுது. ஒரு வரியானாலும் போதும்.

ஆயா நீலாம்பாள்

•

ஆரணி
2-1-1969

என் ஆயாவுக்கு,

பத்து நாளாக எழுத ஒழியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

அண்ணியின் கதி கேட்டிருந்தாய். இடைவேளைக்கு அப்புறம் அவளுடைய பாட்டி வருகிறாள். தள்ளாத வயதில் தனியாகப் பஸ் ஏறி வருகிறாள். சண்டையே போடவில்லை. "எங்க பொண்ண பத்து நாளு அனுப்பி வைங்கம்மா" என்று மட்டும் கேட்கிறாள். அண்ணி கொடியில் கிடந்த இரண்டு புடவையைச் சுருட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுகிறாள். எனக்கு அந்த இடம்தான் பிடித்தது. பாட்டி இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று தோன்றியது.

இங்கே எல்லாரும் சுகம்.

குழலி

•

பிள்ளையார்பாளையம்
10-1-1969

குழலிக்கு,

இதைக் கார்டில்தான் எழுதுகிறேன். தபால்காரரும் படிக்கட்டும், காந்தாவும் படிக்கட்டும்.

கரண்ட் போகவில்லை. படம் முழுசும் பார்த்தேன். அதில் பாட்டியே கிடையாது. அண்ணி ஆற்றோடு போய்விடுகிறாள்.

இடைவேளையில் பாட்டுப் புஸ்தகம் வாங்கினேன். அதில் கதை மழையோடு நின்று, மீதியைத் திரையில் பார்க்கச் சொல்லுது. நீயும் கதையைச் சரியாக அங்கேதான் நிறுத்தியிருந்தாய். டாக்டர் படத்துப் புஸ்தகத்தையும் தேடி வாங்கினேன். அதுவும் கை நடுங்குவதோடு நிற்குது. ஏழு வயதில் படம் பார்த்துவிட்டு வந்தால் முடிவைத்தானே முதலில் சொல்லுவாய். மாப்பிள்ளை பழனி உனக்குப் புஸ்தகம் வாங்கித் தந்திருக்கிறார், அந்த மட்டும் நல்லவர். கல்யாணம் ஆகி நாலு மாசத்தில் நீ தியேட்டர் வாசலைக்கூட மிதிக்கவில்லை. தாரையும் அடுப்பையும் விட்டு உன்னைத் தெருவுக்கே விடவில்லை என்று எனக்குத் தெரியும். தலையாட்டின பாவம் என்னுது.

வருகிற பதினெட்டாம் தேதி தை அமாவாசை. எந்தத் தறியும் ஓடாது, வேலை கிடக்குது என்று யாரும் சொல்ல முடியாது. முதல் பஸ்ஸில் வருகிறேன். இரண்டு புடவையைச் சுருட்டி வை.

அந்தப் பாட்டி சண்டை போடவில்லை என்று எழுதியிருக்கிறாய். நானும் போடமாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

உன் ஆயா
நீலாம்பாள்