மூன்றாம் ஓலை

17 ஜனவரி 1968, புதன்

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, சைக்கிளை நிறுத்தும்போதே சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை முதல் ஓலை. லெந்து நோன்புக் காலத்துல கல்யாணம் கூடாது, அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்."

சட்டை தோய்த்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து தோய்த்தேன்.

பெண் கிருபாவதி. கரையான்சாவடி. அவள் அப்பா, அப்பாவு மேஸ்திரி, பாடியில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். கல்யாணமானதும் அங்கே எனக்குக் குமாஸ்தா வேலை. எம்.ஏ. சரித்திரம் படித்துவிட்டு இரண்டு வருஷமாகச் சும்மா இருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? அப்பாவின் கேள்வி. பதில் எதிர்பார்க்காத கேள்வி.

அவளை ஒருமுறை பார்த்திருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கல்யாணமே வேண்டாம் — இதை எந்தக் குரலில் சொல்வது?

21 ஜனவரி, ஞாயிறு

கூவம் கரையில் எங்கள் பழைய கோயில். பாதிரியார் எங்கள் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசித்தார். தேவராஜ் குமாரன் பால்ராஜ். அப்பாவு குமாரத்தி கிருபாவதி. "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்."

இப்படி மூன்று ஞாயிறு வாசிப்பார். யாரும் வாய் திறந்ததில்லை. ஒரு மூச்சு நிறுத்துவார். பிறகு அடுத்த பாட்டின் எண்.

அந்த ஒரு மூச்சில் நானே எழுந்து நின்றால்? என்ன காரணம் சொல்ல? எனக்கு வேறு மனைவி இல்லை. அவள் எனக்குத் தங்கை முறை இல்லை. மனம் இல்லாதது தடையாகுமா? பாதிரியாரிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

28 ஜனவரி, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அந்த மூச்சு நேரத்தில் இருமினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் இருமல்தான்.

3 பிப்ரவரி, சனி

கோயிலுக்கு நூற்றைம்பது வயது. இன்றும் நாளையும் எந்த மதத்தாரும் உள்ளே வந்து பார்க்கலாம். கல்வெட்டுகளை விளக்கும் பொறுப்பு என்னுடையது. "சரித்திரம் படிச்சதுக்கு இன்னைக்காவது பிரயோஜனம்" — அப்பா.

காலையிலிருந்தே கூட்டம். வேண்டாம் என்று சொன்னாலும் எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டார்கள். ஒரு கிழவர் ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். ஆவடி குவார்ட்டர்ஸ் கலியமூர்த்தி, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன், பீடம் வரை எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், சாமியவே காணோம். டூட்டி முடிஞ்சி போய்ட்டாரா?"

"அடுத்த ஷிப்ட்டுல வருவாரு."

"மாப்ளகிட்ட நக்கலு குறையல. பாடிக்குப் போ, அப்பாவு மேஸ்திரி குறைப்பாரு."

மணிக்கூண்டு ஏறிக் காட்டினேன். கீழே ஆறு. பாதி மணல், பாதி தண்ணீர், எருமைகள். எல்லோரும் சொன்னார்கள்: எவ்வளவு தூரம் தெரியுது! எனக்கு ஜன்னல் கம்பிதான் தெரிந்தது.

மாலையில் கிருபாவதி, தன் அம்மாவோடு. சுவரில் பதித்த ஒரு பளிங்குக்கல் முன்னால் நின்றாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். படித்துச் சொன்னேன். ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் மனைவி. வயது பத்தொன்பது. கல்யாணமாகி வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள்.

"அவளா வந்தாளா, கூட்டிட்டு வந்தாங்களா?"

"அது கல்லுல இல்ல."

இன்னும் ஏதோ கேட்கப்போனாள். அம்மா கூப்பிட்டார்கள்.

4 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனையில் பாதிக்கு மேல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் —

"சாமி, நான் ஒண்ணு சொல்லலாமா?"

பின்வரிசையில் வேம்புலியம்மாள். கரையான்சாவடியிலும் எங்கள் தெருவிலும் கீரை விற்பவள். நம் வழக்கம் அறியாதவள். நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். சிரிப்பு.

"யம்மா, இது பஞ்சாயத்து இல்ல. உக்காரு." முன்வரிசையிலிருந்து யாரோ.

"கேட்டாரு, சொல்றேன். இதுல இன்னா தப்பு? சாமி, கட்டிக்கப் போற ரெண்டு பேரையும் ஒரு வார்த்த கேட்டியா? கேளு."

பாதிரியார் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும், அவர் அங்கி மாற்றும் சிறிய அறைக்கு எங்களை அழைத்தார். அவள் பக்கத்தில் அப்பாவு மேஸ்திரி. என் பின்னால் அப்பா.

"பால்ராஜ், உனக்கு மனப்பூர்வமான சம்மதமா?"

மூன்று வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அப்பா என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அவ்வளவுதான். மிரட்டவில்லை. ஒரு மடிப்பை நீவிவிட்டார்.

"சம்மதம்."

கிருபாவதி என்னை நேராகப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "சம்மதம்" என்றாள்.

ஏன் சொன்னேன்? எவன் சொன்னான் அதை?

12 பிப்ரவரி, திங்கள்

கல்யாணம். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

16 பிப்ரவரி, வெள்ளி

அப்பா வேலைக்குப் போயிருந்தார். உள்ளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன், திங்கட்கிழமை பாடிக்குப் போக. வாசலில் வேம்புலியம்மாளின் குரல்.

"நீ சொன்னாப்லயே எழுந்து கேட்டேன், கண்ணு. அப்பாலிக்கி நீயே சரின்னுட்டா நான் இன்னா பண்றது?"

கிருபாவதி கீரையோடு உள்ளே வந்தாள். நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

"நீ சொல்லித்தானா?"

"ஆமா."

"என்னைப் பிடிக்கலையா?"

"உங்களுக்கு என்ன கொறச்சல்? அப்ப கல்யாணமே வேணாம்னு இருந்திச்சி. எங்கப்பாகிட்ட சொல்ல முடியாது."

"அந்த ரூம்ல கேட்டாரே. சொல்லியிருக்கலாமே."

"மொதல்ல உங்களத்தான கேட்டாரு. நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா நானும் வேணாம்னு சொல்லியிருப்பேன். நீங்க சம்மதம்னு நிக்கிறப்போ, மனுஷனை எல்லார் முன்னாலயும் எப்படி வேணாம்ங்கறது?"

என் கையில் பிரஷ்.

"உங்களுக்கு இஷ்டம்தான?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. என் பின்னால் யாரும் நிற்கவில்லை.

"ஆமா" என்றேன்.

தலையாட்டிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போனாள், கீரை ஆய.