இரண்டு வாசல், ஒரே குதிர்

இன்று காலை கரண்ட் போய் வந்தது. நம் கடைக் கம்ப்யூட்டரைப் போட்டதும் எதில் திறக்க என்று கேட்டுக் கருப்புத் திரையில் அதே இரண்டு வரிகள். மேலே உன் லினக்ஸ், கீழே என் விண்டோஸ். நீ செத்துப்போய் ஒரு வருடமாகியும் மேல் வரியை நான் தொட்டதில்லை. இன்று தொட்டேன். எதிரே ஒருவர் தன் அப்பாவின் போட்டோவைக் கேட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜமுனாமரத்தூரில் நாம் இந்த மனு எழுதும் கடையைத் திறந்த புதிதில், வருகிறவர்களின் பென்டிரைவெல்லாம் வைரஸைக் கொண்டுவந்து கொட்டியது. அதற்காகத்தான் அந்த வைரஸ் ஒட்டாத லினக்ஸையும் நீ ஏற்றினாய். "இருக்கிற இடமே பத்தல, இதுல இன்னொண்ணு வேறயா?" என்று நான் எகிறினேன். நீ சிரித்தாய். "அதுக்குக் கொஞ்சூண்டு இடம் போதும்டி. வூட்டுக்கு வாசல் ரெண்டு, சாமைக் குதிர் ஒண்ணுதான். எந்தப் பக்கம் வந்தாலும் அதே குதிர்லதான் கை வெப்ப."

நான் தலையாட்டினேன். புரிந்துகொள்ளவில்லை. படவேட்டிலிருந்து டிகிரியோடு மலையேறி வந்தவள், மலைக்காரி உன்னிடம் புரியவில்லை என்று சொல்வேனா?

நீ ஊர் ஊராக நடந்து எடுத்த போட்டோக்கள் அந்தக் குதிரில் இருந்தன. நிலப் பட்டா மனுவோடு வைக்க, ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும் தன் புளியமரத்தில் கை வைத்து நின்ற படங்கள். தம்பி கல்யாண வீடியோவை ஏற்ற எனக்கு இடம் வேண்டியிருந்தது. உன் பக்கம் பார்த்தேன், படங்கள் இருந்தன. என் பக்கமும் இருந்தன. ஒரே சரக்கு இரண்டு இடத்தில் அடைத்துக் கிடக்கிறது என்று நினைத்து, என் பக்கத்தில் இருந்ததைக் குப்பைத்தொட்டிக்கும் போகாமல் ஒரேயடியாக அழித்தேன். வீடியோவை ஏற்றினேன். எந்த வாசல் வழியே பார்த்தாலும் குதிரில் உன் படங்கள் இல்லை.

"உன் லினக்ஸ்தான் முழுங்கிடிச்சி" என்றேன். வாய் கூசவில்லை.

நீ மறுநாள் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பி, வீடு வீடாக "என் தப்புங்க, இன்னொரு தபா நில்லுங்க" என்று கேட்டாய். ஒரு வீட்டில் நிற்க வேண்டியவரே இறந்துபோயிருந்தார். அங்கே மரத்தை மட்டும் எடுத்து வந்தாய். புதிய படங்களைப் போட்ட ஃபோல்டருக்கு 'இது நகல் இல்லை' என்று பெயர் வைத்தாய். ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

இன்று வந்தவர், நீ மரத்தை மட்டும் எடுத்து வந்த அந்த வீட்டு மகன். உன் லினக்ஸ் பக்கத்தில் பழைய படம் ஒன்றாவது தப்பியிருக்காதா என்று தேடினேன். வெறும் மரம்தான் வந்தது.

"அந்தக்காவே எங்க வூட்டாண்ட வந்து மன்னிப்பு கேட்டாங்க. பாவம், தெரியாம அழிச்சிட்டாங்க" என்றார்.

"அவங்க அழிக்கலைங்க. நான்தான்."

அவர் எழுந்தார்.

"அந்தக்கா உசுரோட இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'அம்மா'வைத்தான் தாங்க முடியவில்லை. நீ மன்னிப்பு கேட்ட மற்ற வீடுகளிலும் அழித்தது நான்தான் என்று சொல்ல நாளை காலையில் புறப்படுகிறேன். உன்னைப் போலவே, நடந்து.