அண்ணியின் ஸ்லைடு

21.9.87, திங்கள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்கள். ஸ்லைடு பார்த்து முடிவு சொல்லும் விழுப்புரத்து டாக்டர் இந்த வாரம் வரமாட்டார். அண்ணியின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடை லேபில் டெக்னீஷியனான நானே பார்த்துத் தொலைத்தேன். ஒழுங்கான செல், இரண்டாகப் பிரியும் முன் நின்று எல்லாம் சரியா என்று சோதித்துக்கொள்ளும். இவை நிற்பதாகவே தெரியவில்லை. பார்த்த இடமெல்லாம் பிரிந்துகொண்டிருந்தன.

ராத்திரி சோறு போடும்போது அண்ணி கேட்டார். "இன்னா தம்பி, கட்டி இன்னாதாம்?"

"டாக்டர் பாக்காம எதுவும் சொல்ல முடியாது, அண்ணி."

"அடேயப்பா! எதுன்னாலும் மூஞ்சில அடிச்ச மாரி சொல்றவன், இன்னிக்கு இன்னா மழுப்புற?" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, மெதுவாக: "உங்க அண்ணங்கிட்ட சொல்லிக்கினு இருக்காத."